ஒரு வரிக் கடிதம்

வேலையை விட்டுப் போகிற பையன் ஒருவன் என்னிடம் அனுபவக் கடிதம் கேட்டான். 19 வயதில் எங்கள் நர்சரிக்கு வந்தவன், இரண்டரை வருடம் இருந்தான். பார்சல் கொண்டுபோய்க் கொடுக்கும் வேலை ஒன்று கிடைத்திருக்கிறது, அங்கே முன்பு வேலை பார்த்ததற்கு ஏதாவது காகிதம் காட்ட வேண்டுமாம். நானும் லெட்டர்ஹெட் ஒன்றை உருவி, இந்தத் தேதியிலிருந்து இந்தத் தேதி வரை எங்கள் நாற்றுப்பண்ணையில் பணியாளராக இருந்தார், நன்னடத்தை உள்ளவர் என்று எழுதி, கையெழுத்துப் போட்டு, முத்திரை வைத்துக் கொடுத்தேன். மொத்தமே ஒரு வரி. வாங்கிப் படித்தவன் உடனே மடிக்கவில்லை. "அக்கா, நான் என்ன செஞ்சேன்னு இதுல இல்லையே" என்றான். கோபமெல்லாம் இல்லை, நிஜமாகவே சந்தேகம் கேட்பது போலத்தான் கேட்டான். "பணியாளர்னு போட்டிருக்கேனே" என்றேன். சரிக்கா என்று மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போய்விட்டான்.

நாலு வருடம் ஆகிறது. அன்று சாயங்காலம் ரோஜாப் பாத்தியில் தண்ணீர் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் அவன் கேட்டது மறுபடி ஞாபகம் வந்தது. அந்தப் பாத்தியில் மொட்டுக் கட்டியதெல்லாம், அதாவது நல்ல ரகத்தின் இலைக்கணு மொட்டை எடுத்து இன்னொரு செடியின் பட்டைக்குள் வைத்து ஒட்டியதெல்லாம், அவன்தான். வேருக்காக வளர்க்கும் அடிச்செடியை வேர்ச்செடி என்போம், அதில் பட்டை லேசாக உரியும் பருவம் பார்த்து, ஆங்கில 'டி' எழுத்து மாதிரி கீறி, கத்தியின் பின்முனையால் பட்டையை இரண்டு பக்கமும் தூக்கி, உள்ளே மொட்டைச் செருகி நாடாவைச் சுற்றுவான். ஒரு மொட்டுக்கு அவனுக்கு ஆகும் நேரத்தில் நான் கத்தியைத் துடைத்து முடிப்பேன். இரண்டு மூன்று வாரம் கழித்து, மொட்டோடு விட்டுவைத்த இலைக்காம்பின் துண்டை விரலால் தொடுவோம். தொட்டதும் உதிர்ந்தால் மொட்டு பிடித்துவிட்டது, காய்ந்து ஒட்டிக்கொண்டே இருந்தால் போச்சு. அவன் கட்டிய வரிசையில் நடந்து போனால் காம்புகள் சொல்லிவைத்தாற்போல உதிரும். நாற்று வளர்க்கும் குழித்தட்டைக் கையில் தூக்கிப் பார்த்தே இன்றைக்குத் தண்ணீர் வேண்டுமா வேண்டாமா என்று சொல்லுவான். இலையை வெள்ளைக் காகிதத்தின் மேல் தட்டி, அதில் நகரும் புள்ளிகளைப் பார்த்து, சிலந்திப்பேன் வலை கட்டுவதற்கு முன்னாடியே வந்து சொல்லுவான். இவ்வளவும் தெரிந்த ஒருவனைப் பற்றி எனக்கு எழுத வந்தது ஒரு வரி. மறைக்க வேண்டும் என்று எழுதாமல் விடவில்லை. அவனுக்குத் தெரிந்ததை ஒரு படிப்பாக நான் ஒருநாளும் நினைத்துப் பார்த்ததில்லை, அதனால் எழுதவும் தோன்றவில்லை. எனக்கு உறுத்தியது அதுதான், இன்னும் உறுத்துகிறது.

இளைஞர்கள் இந்தத் தொழிலுக்கு வருவதில்லை, வந்தாலும் நிற்பதில்லை என்று நர்சரிக்காரர்கள் எங்கே கூடினாலும் பேச்சு வரும். வெயில் தாங்க மாட்டார்கள், போனை விட்டுக் கண்ணை எடுக்க மாட்டார்கள், பொறுமை கிடையாது. நானும் அப்படிப் பேசியிருக்கிறேன். இப்போது யாராவது அதை ஆரம்பித்தால் எனக்கு அந்த ஒரு வரிக் கடிதம்தான் கண்முன் வருகிறது. இரண்டரை வருடம் வெயிலில் நின்றவன் அவன். இங்கே கற்றதை வெளியே எடுத்துக்கொண்டு போக அவனுக்கு நாங்கள் எதையும் கொடுக்கவில்லை, உள்ளேயே இருந்தால் அடுத்து என்ன என்றும் சொல்லவில்லை. எட்டாவது மாதத்திலேயே ஒருமுறை கேட்டான், "இதுக்கு அப்புறம் என்னக்கா?" என்று. வேலையை நல்லா கத்துக்கோ, தானா மேல வருவே என்றேன். எந்த மேல் என்று நானே அப்போது யோசித்திருக்கவில்லை.

கண்ணால் எடுத்த வித்தை

நான் கற்ற விதம் வேறு. எனக்கு ஒட்டுக்கட்ட வந்தது ஒரு பெரியவரிடமிருந்து. வந்தது என்றுதான் சொல்ல வேண்டும், அவர் சொல்லிக்கொடுத்தார் என்று சொல்ல முடியாது. ஒட்டுக்குச்சியைச் சீவும்போது முதுகைத் திருப்பிக்கொள்வார். கிட்டே போய் நின்றால் போய்த் தண்ணீர் கொண்டுவா என்பார். அவர் கையில் இருந்து கீழே விழுந்த சீவல்களைப் பொறுக்கி, எந்தச் சரிவில் சீவியிருக்கிறார் என்று பார்த்துப் பார்த்து, வேண்டாத குச்சிகளில் ராத்திரி உட்கார்ந்து சீவிப் பழகினேன். பட்டைக்கும் கட்டைக்கும் நடுவில் கண்ணுக்குத் தெரியாத அளவு மெல்லிசான ஒரு வளர்படை இருக்கிறது, இரண்டு துண்டிலும் இருக்கிற அந்தப் படை ஒன்றையொன்று தொட்டால்தான் ஒட்டு பிடிக்கும் என்பது எனக்குத் தெரியவே மூன்று வருடம் ஆனது. பெரியவருக்கு அது கையில் தெரிந்திருந்தது. வாயில் வரவில்லை, வரவைக்கவும் அவர் விரும்பவில்லை. சொல்லிவிட்டால் தன்னுடைய இடம் போய்விடும் என்ற பயம் அவருக்கு. அந்தப் பயத்தில் நியாயம் இல்லை என்று சொல்ல மாட்டேன், அவரிடம் இருந்த ஒரே சொத்து அதுதான்.

ரொம்ப காலம் இதை நான் பெருமையாகச் சொல்லிவந்தேன். கஷ்டப்பட்டுக் கற்றால்தான் நிற்கும் என்று. இப்போது கணக்குப் பார்க்கிறேன். ஒரே வருடத்தில் கற்றிருக்கக்கூடியதை ஆறு வருடத்தில் கற்றேன், அதிலும் அவரிடம் இருந்த தப்பையும் சேர்த்தே கற்றேன். எலுமிச்சைக்கு மொட்டுக் கட்டும்போது ஒரு தாய்மரத்திலிருந்து அடுத்ததுக்குப் போகையில் கத்தியை ஸ்பிரிட்டில் துடைப்பார். நானும் அப்படியே துடைத்தேன், அப்படியே மற்றவர்களுக்கும் காட்டினேன். எலுமிச்சை, ஆரஞ்சு வகைகளில் எக்சோகார்ட்டிஸ் என்ற வைராய்டு நோய், வைரஸைவிடச் சின்னக் கிருமியால் வருவது, கத்தி வழியாகவே மரத்துக்கு மரம் போகும், அதற்கு ஸ்பிரிட் பத்தாது, பிளீச்சிங் கரைசலில் முக்க வேண்டும் என்று எனக்குச் சொன்னது ஒரு சின்னப் பெண். வெளியே ஒரு வாரப் பயிற்சிக்குப் போய்விட்டு வந்தவள், தயங்கித் தயங்கிச் சொன்னாள். எத்தனை வருடம், எத்தனை ஆயிரம் செடி என்று நினைத்தபோது வயிற்றைப் பிசைந்தது. நோய் பிடித்த மொட்டில் உருவான செடி நர்சரியில் பார்க்க நன்றாகத்தான் இருக்கும். நோய் தாங்காத வேர்ச்செடியாக இருந்தால், சில வருடம் கழித்து யாரோ ஒருவரின் தோட்டத்தில் அதன் அடிப்பட்டை செதில் செதிலாக உரிந்து மரம் குட்டையாக நின்றுபோகும். ரகசியமாகவே கைமாறும் வித்தையில் தப்பைத் திருத்த ஆள் இருக்காது, மறைத்து வைத்ததை யாரும் சரிபார்க்க முடியாதே.

செடிப் பெருக்கத்தில் இருப்பவர்களுக்கென்று 1951ல் அமெரிக்காவில் ஒரு சங்கம் தொடங்கினார்கள். இன்று அது சர்வதேசச் செடிப் பெருக்குநர் சங்கம். அதன் குறிக்கோள் வாசகம், தேடு, பகிர்ந்துகொள் என்பது. இதை முதலில் கேள்விப்பட்டபோது நான் நினைத்தது என் பெரியவரைத்தான். ஆளுக்கு ஆள் பூட்டி வைத்திருந்த தொழிலில், எனக்கு இது வேரூன்றியது, இது செத்தது, இந்தப் பதத்தில் குச்சி வெட்டினேன் என்று போட்டியாளர்கள் முன்னால் எழுந்து நின்று சொல்ல வேண்டும் என்றால் அதற்கு எவ்வளவு மனசு வேண்டும். அவர் அந்த மாதிரி ஒரு கூட்டத்தில் உட்கார்ந்திருந்தால் அவர் கையில் இருந்தது அவரோடு போயிருக்காது.

விழுந்த மரங்கள்

அந்தப் பையன் போன அதே வருடம் நடந்தது இது. ஆறு வருடத்துக்கு முன் எங்களிடம் நிழல்மரக் கன்றுகள் வாங்கிய ஒருவர் போன் பண்ணினார். சாதாரணக் காற்றுக்கு மூன்று மரம் சாய்ந்துவிட்டது, வந்து பாருங்கள் என்றார். போகும்போது ஒரு பெண்ணைக் கூட்டிக்கொண்டு போனேன். இந்தக் கத்தி விஷயத்தைப் பிற்பாடு எனக்குச் சொன்னாளே, அவள்தான். அப்போது வேலைக்கு வந்து நாலு மாதம், தட்டிலிருந்து நாற்றைப் பிடுங்கிப் பைக்கு மாற்றும் வேலையில் இருந்தாள். ஆணிவேரை மடக்கி நடாதே, குழியை ஆழமாகப் போடு, வேர் நீளமாக இருந்தால் நுனியை வெட்டிவிடு என்று அவளிடம் பத்துத் தடவையாவது சொல்லியிருப்பேன். இரண்டு தடவை சத்தமும் போட்டிருக்கிறேன். தலையை ஆட்டுவாள். நான் அந்தப் பக்கம் போனதும் வேகத்துக்காக மறுபடி பழையபடிதான்.

மரங்கள் நல்ல உயரம். இலையில் ஒரு குறை இல்லை, தண்டு என் தொடை பருமன் இருந்தது. சாய்ந்த ஒன்றின் அடியில் மண்ணைத் தட்டிவிட்டுப் பார்த்தோம். பக்கவாட்டில் ஓடியிருக்க வேண்டிய வேர்கள் ஓடவே இல்லை. ஒன்றோடொன்று பின்னிச் சுற்றிச் சுற்றி, ஆறு வருடம் பருத்து, ஒரு பாலிதீன் பையின் அகலத்துக்குள் முறுக்கின கயிறு மாதிரி நின்றுவிட்டன. பையைக் கிழித்துவிட்டுத்தான் நட்டிருக்கிறார்கள், பிளாஸ்டிக் அங்கே எங்கேயும் இல்லை. ஆனால் வேரில் பை இருந்தது. அவள் உட்கார்ந்து அந்த வட்டத்தின் மேல் கையை வைத்துப் பார்த்தாள். "நம்ம நடுப் பை அளவுக்கா" என்றாள். அப்புறம் இன்னும் மண்ணைக் கிளறினாள். ஆணிவேர் தொடங்குகிற இடத்தில், கட்டைவிரல் அளவுக்கு ஒரு வளைவு, தூண்டில் கொக்கி மாதிரி மேலே பார்த்து மடங்கியிருந்தது. அதைக் கொஞ்ச நேரம் தடவிக்கொண்டே இருந்தாள். "இது நாத்து மாத்தும்போது வர்றதுதானே, நான் பண்றேனே அதுதானே?" என்றாள். ஆமாம், ஆனால் இது நீ செய்தது இல்லை, நீ வருவதற்கு ரொம்ப முன்னால் என்றேன். அந்தத் தொகுதியை அப்போது மாற்றியவர்களில் நானும் ஒருத்தி என்பதையும் சொன்னேன். அதைச் சொல்லாமல் விட்டிருக்கலாம், ஆனால் அந்த வேரின் முன்னால் பொய் சொல்ல வாய் வரவில்லை.

திரும்பி வரும் வழியெல்லாம் அவள் பேசவில்லை. மறுநாள் நான் போவதற்கு முன்னாலேயே வந்து, முந்தின வாரம் தான் மாற்றிய பைகளில் சிலவற்றைப் பிரித்து வேரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மடங்கினதை எல்லாம் தனியாக வைத்து, திருத்தக்கூடியதைத் திருத்தி மறுபடி நட்டாள். யாரும் சொல்லவில்லை. அதற்கப்புறம் ஆணிவேர் பற்றி நான் அவளிடம் ஒரு வார்த்தை பேச வேண்டியிருக்கவில்லை. பத்துத் தடவை சொல்லி நடக்காதது ஒரு மணி நேரத்தில் நடந்தது.

நர்சரி வேலையைக் கற்பது ஏன் இவ்வளவு கடினம் என்று எனக்கு அன்றைக்குத்தான் புரிந்தது. அடுப்பில் வேலை செய்கிறவன் உப்பு அதிகம் போட்டால் அரை மணியில் தெரிந்துவிடும். தச்சன் அளவு தப்பினால் மூட்டு பொருந்தாது. எங்கள் வேலையில் இன்று செய்த தப்பு ஆறு வருடம் கழித்து வேறு ஊரில், வேறு ஒருவரின் மண்ணில் தெரியும், செய்தவர் அதற்குள் வேறு வேலைக்கே போயிருப்பார். நல்லதும் அப்படித்தான். அந்தப் பையன் கட்டிய ரோஜாக்கள் எத்தனையோ தோட்டங்களில் பூத்திருக்கும், அவன் ஒன்றைக்கூடப் பூவோடு பார்த்ததில்லை, வண்டியில் ஏறும்போது எல்லாமே குச்சியும் தளிரும்தான். போதாததற்கு நாங்கள் வேலையைப் பிரித்துப் போட்டிருந்தோம். ஒருவர் மண்கலவை, ஒருவர் பை நிரப்புவது, ஒருவர் விதை, ஒருவர் தண்ணீர். வேகம் வரும் என்று பிரித்தது. தண்ணீர் விட்டவனுக்கு அந்த நாற்று ஏன் செத்தது என்று தெரியாது, விதைத்தவளுக்கு அது முளைத்ததா என்றே சில சமயம் தெரியாது. தான் செய்ததன் பலனைப் பார்க்காத ஒருவருக்கு அந்த வேலையின் மேல் எப்படிப் பிடிப்பு வரும்? அதைச் சோம்பேறித்தனம் என்று நாங்கள் பேர் வைத்திருந்தோம்.

ஆளுக்கு ஒரு தொகுதி

அதிலிருந்து ஒன்றை மாற்றினோம். புதிதாக வருகிற ஒவ்வொருவருக்கும், மூன்றாவது மாதத்திலிருந்து, ஒரு சின்னத் தொகுதி முழுக்க அவர்கள் கையில். குச்சி வெட்டுவதிலிருந்து, அல்லது விதையிலிருந்து, வண்டியில் ஏற்றுகிறவரை. மற்ற வேலைகள் வழக்கம்போல உண்டு, இது கூடுதலாக ஒன்று, அதற்கான நேரமும் வேலை நேரத்துக்குள்தான். கூடவே ஒரு நோட்டு. வெட்டிய தேதி, தாய்ச்செடி எது, எத்தனை வைத்தோம், எத்தனை வேர் விட்டது, எத்தனை போனது, ஏன் போனது என்று நினைக்கிறீர்கள். கடைசிக் கேள்விதான் முக்கியம், தப்பாக எழுதினாலும் பரவாயில்லை, எழுத வேண்டும்.

வேர்விடும் ஹார்மோன் பொடியை நான் எப்போதும் பழக்கத்தில் எடுத்துக் கொடுத்துவிடுவேன். ஐ.பி.ஏ. பொடி 1000, 3000, 8000 பி.பி.எம். என்று வெவ்வேறு வலுவில் வரும், இளசுக்குக் குறைவு, முற்றின குச்சிக்கு அதிகம். இப்போது அதைச் சொல்வதில்லை. மூன்றையும் கொடுத்து, நாலாவதாக எதுவும் தொடாத ஒரு வரிசையும் வைக்கச் சொல்கிறேன். ஒரு பையனின் தட்டில் பொடியே தொடாத வரிசையும் மற்றதும் ஒரே மாதிரி வேர் விட்டிருந்தது, அதிக வலு தொட்ட வரிசையில் அடி கறுத்திருந்தது. அப்படியானால் எதுக்குக்கா இத்தனை வருஷமா இந்தச் செடிக்குப் பொடி வாங்குறோம் என்று கேட்டான். எனக்குப் பதில் இல்லை. அந்தச் செடிக்குப் பொடி நிறுத்தினோம். தன்னுடைய கேள்வியால் நர்சரியில் ஒரு நடைமுறை மாறியதைப் பார்த்த பையன், அடுத்த வாரத்திலிருந்து எதைப் பார்த்தாலும் ஏன் என்று கேட்க ஆரம்பித்தான், சில நாள் எனக்கே மூச்சு முட்டும்.

சாகிற செடிகளுக்கும் மனதைத் தயார் செய்துகொள்ள வேண்டும். இதில்தான் நான் அதிகம் தடுமாறினேன். ஒரு பெண்ணின் தக்காளி நாற்றுகள், தொடர்ந்து மேகமூட்டமாக இருந்த ஒரு வாரத்தில், தினம் காலையில் தண்ணீர் ஊற்றியதால், தண்டின் அடி நைந்து கொத்துக்கொத்தாகச் சாய்ந்தன. நாற்றழுகல். மூன்றாம் நாளே எனக்குத் தெரியும் அந்தத் தட்டு கனமாக இருக்கிறது என்று, கை பரபரத்தது. தடுத்துவிட்டேன் என்றால் நாற்று பிழைக்கும், அவள் கற்க மாட்டாள். தடுக்காமல் விட்டால் ஒரு பிள்ளையை வேண்டுமென்றே தோற்கவைப்பது போல இருக்கிறது. கடைசியில், தட்டைத் தூக்கிப் பார்த்தியா என்று மட்டும் கேட்டேன். தூக்கினாள், அதை வைத்து என்ன தெரிந்துகொள்வது என்று அப்போது அவளுக்குப் பிடிபடவில்லை, பாதித் தட்டு போனது. அழுதாள். அவளிடம், நீங்கள் தினமும் தண்ணீர் ஊற்றச் சொன்னீர்கள், எப்போது ஊற்றக்கூடாது என்று யாருமே சொல்லவில்லையே என்ற நியாயமான கோபமும் இருந்தது. சொல்லிக்கொடுப்பது என்றால் எது வேண்டாம் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும் என்று அவளிடமிருந்து நான் கற்றேன். இப்போது முதல் வாரத்திலேயே காய்ந்த தட்டு ஒன்றையும் நனைந்த தட்டு ஒன்றையும் மாற்றி மாற்றித் தூக்க வைக்கிறோம்.

ஒன்றில் மட்டும் தோற்றுக் கற்க விடுவதில்லை, மருந்து தெளிப்பதில். இந்தத் தொழிலில் எனக்கு உள்ளபடியே கோபம் வருகிற விஷயம் இது. ஆளில்லாதபோது புதிதாக வந்த பிள்ளையின் முதுகில் தெளிப்பானை மாட்டி அனுப்புவது எத்தனையோ இடத்தில் நடக்கிறது, கையுறை கிடையாது, லேபிளைப் படிக்கத் தெரியுமா என்று ஒருவர் கேட்பதில்லை. வேளாண் வேலையில் பாதுகாப்பு பற்றிய சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 184ஆவது உடன்படிக்கை 2001ல் வந்தது, இளைஞர்களின் உடல்நலத்துக்குக் கேடு தரக்கூடிய வேலைக்குக் குறைந்தபட்ச வயது 18 என்கிறது. வயதைத் தாண்டியவர்களுக்கும் லேபிள் படிப்பது, கலக்கும் அளவு, தெளித்தபின் எத்தனை நேரம் பசுமைக்குடிலுக்குள் போகக்கூடாது என்பது எல்லாம் கையில் வந்தபிறகுதான் தெளிப்பான். இதில் சமாதானமே கிடையாது.

இதுக்கு அப்புறம் என்ன

எட்டாவது மாதத்தில் அவன் கேட்ட கேள்விக்கு இப்போது என்னிடம் ஓரளவு பதில் இருக்கிறது. காய்கறி நாற்றில் ஒட்டுக்கட்டுவது என்பதே ஒரு தனி வாழ்க்கை. 1920களின் கடைசியில் ஜப்பானிலும் கொரியாவிலும் மண்ணிலிருந்து வரும் வாடல் நோய்க்குத் தப்பிக்கத் தர்பூசணியைச் சுரைக்குடும்ப வேர்ச்செடியில் ஒட்டினார்கள். இன்று தக்காளி, கத்தரி, வெள்ளரி என்று அது பரவிவிட்டது. தீக்குச்சி பருமன் தண்டைச் சாய்வாக வெட்டி, சின்னக் கவ்வியில் சேர்த்து, ஈரம் குறையாத அறையில் சில நாள் தேற்றி எடுக்கும் கைகளுக்கு எப்போதும் தேவை இருக்கிறது. செடியின் சின்னத் துணுக்கிலிருந்து புதுச் செடிகளை உருவாக்கும் திசு வளர்ப்புக் கூடம் இருக்கிறது. முராஷிகேயும் ஸ்கூகும் 1962ல் வெளியிட்ட ஊட்டக்கலவையை இன்றும் அங்கே தினம் காய்ச்சுகிறார்கள், கை சுத்தமும் பொறுமையும் உள்ளவர்கள் வேண்டும். செடி நலம் பார்ப்பது இன்னொன்று. 2013ல் இத்தாலியின் அபுலியா பகுதியில் ஆலிவ் மரங்களில், மரத்தைக் காயவைத்துச் சாகடிக்கும் சைலெல்லா பாக்டீரியா இருப்பதைக் கண்டுபிடித்தார்கள். வேறு நாட்டிலிருந்து வந்த அலங்காரச் செடிகளோடு வந்திருக்கலாம் என்பது ஆய்வாளர்களின் கணிப்பு. அந்த மாதிரி ஒன்று வந்தால், எந்தத் தொகுதி எந்தத் தாய்ச்செடியிலிருந்து வந்தது, யாருக்குப் போனது என்று நோட்டை எடுத்துக் காட்டத் தெரிந்தவர் ஒரு நர்சரியின் உயிர். இதில் எதையும் நான் அவனிடம் சொல்லவில்லை. எனக்குத் தெரியாதது ஒரு காரணம், தெரிந்தால் போய்விடுவான் என்ற எண்ணமும் எங்கேயோ இருந்தது.

ஜான் டொமினி என்பவரின் கதையை இப்போது புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்கிறேன். இங்கிலாந்தில் வீட்ச் என்ற நர்சரியில் செடி வளர்க்கும் வேலையில் இருந்தவர். ஆர்கிட்டில் பூவைக் கலப்பு செய்ய முடியும் என்று அப்போது யாரும் செய்து காட்டியிருக்கவில்லை, அதன் பூவில் மகரந்தமும் அதை ஏற்கும் சூல்முடியும் ஒரே தூணில் விசித்திரமாக ஒட்டியிருக்கும். ஜான் ஹாரிஸ் என்ற அறுவை மருத்துவர், அந்தப் பூவில் எது எங்கே இருக்கிறது, எதை எதில் வைக்க வேண்டும் என்று டொமினிக்கு விளக்கினார். டொமினியின் கையில் உருவான கலப்பின ஆர்கிட் 1856ல் பூத்தது, மனிதர் உருவாக்கிப் பூத்த முதல் ஆர்கிட் கலப்பினம் அதுதான், அந்தச் செடிக்கு அவர் பெயரையே வைத்தார்கள். டொமினியின் திறமைக்கு இணையாக எனக்குப் படுவது, ஒரு நர்சரித் தொழிலாளிக்குப் பூவைப் பிரித்துக் காட்ட அந்த மருத்துவர் உட்கார்ந்த நேரம்.

சொல்லிக்கொடுத்தால் போய்விடுவார்கள் என்று எங்கள் முதலாளி முதலில் தயங்கினார். சொல்லிக்கொடுக்காதபோதும் போனார்களே சார் என்றேன். ஆனால் அவர் கேட்ட இன்னொன்று நியாயமானது. விற்பனை உச்சத்தில் இருக்கும் மாதங்களில் யார் யாருக்குச் சொல்லிக்கொடுப்பது? அதற்கு நான் முழுப் பதில் கண்டுபிடிக்கவில்லை. உச்சப் பருவத்தில் காலையில் இருபது நிமிடம், எல்லோரும் சேர்ந்து பாத்திகள் ஊடாக ஒரு நடை, அவரவர் தொகுதி முன்னால் அவரவர் பேச வேண்டும், அவ்வளவுதான் முடிகிறது. மற்றதெல்லாம் வேலை குறைந்த மாதங்களில். அந்த மாதங்களில் ஆட்களை நிறுத்திவிடாமல் வைத்திருப்பதுதான் பெரிய செலவு, அதற்கு அவர் ஒத்துக்கொண்டதை நான் மறக்க மாட்டேன். சம்பளமும் இதோடு கட்டப்பட்டிருக்கிறது. இன்னின்னதைத் தனியாகச் செய்துகாட்டினால் இந்தப் படி, இந்தப் படிக்கு இவ்வளவு என்று எழுதி, எல்லோர் கண்ணிலும் படுகிற இடத்தில் ஒட்டியிருக்கிறோம். கூடுதலாகக் கற்கச் சொல்லிவிட்டுச் சம்பளத்தை அப்படியே வைத்திருந்தால் அதற்குப் பயிற்சி என்று பெயர் சொல்ல எனக்கு மனம் வராது, அது கூடுதல் வேலை. மூன்றாவது படிக்கு மேல் எங்கள் நர்சரியில் இடம் இல்லை, அதையும் ஒளிக்காமல் அதே காகிதத்தில் எழுதியிருக்கிறோம்.

அந்த மூன்றாவது படியில் நிற்கிறவள்தான் இப்போது போகிறாள், விழுந்த மரத்தின் வேரில் கை வைத்துப் பார்த்தவள். ஒரு திசு வளர்ப்புக் கூடத்தில் இடம் கிடைத்திருக்கிறது, அடுத்த மாதம் சேர வேண்டும். அவளும் கடிதம் கேட்டாள். நேற்று ராத்திரி உட்கார்ந்தேன். விதை நேர்த்தி, நாற்று மாற்றுதல், வேர் திருத்தம் என்று ஆரம்பித்தேன். மொட்டுக் கட்டுதல், மென்தண்டு ஒட்டு, பிடித்த விகிதத்தை அவளுடைய நோட்டிலிருந்தே எடுத்துப் போட்டேன். பாசன நீரின் கார அமில நிலையும் உப்பும் பார்ப்பது, பனிமூட்டத் தெளிப்பின் இடைவெளியை வெயிலுக்குத் தக்கபடி மாற்றுவது, சிலந்திப்பேனையும் வெள்ளை ஈயையும் ஆரம்பத்திலேயே கண்டுபிடிப்பது, நாலு பேருக்கு வேலை பிரித்துக்கொடுப்பது. எலுமிச்சைக் கத்தி விஷயத்தில் எங்கள் நடைமுறையை மாற்றியது இவர்தான் என்று தனியாக ஒரு பத்தி. இரண்டு பக்கம் தாண்டியும் முடியவில்லை.

முடித்துவிட்டு அந்தப் பழைய பையனின் எண்ணைத் தேடினேன். இன்னும் அதே எண்தான். பார்சல் வேலைதான் பார்க்கிறானாம், எடுத்ததும் "சொல்லுங்கக்கா" என்றான். உனக்கு ஒரு கடிதம் பாக்கி இருக்கிறது, எப்போது வந்து வாங்கிக்கொள்கிறாய் என்று கேட்டேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம், "அந்த ரோஜா வேர்ச்செடியெல்லாம் இப்ப பட்டை உரியுதாக்கா?" என்றான்.